கடன் போன பி.டி. பீரியட்

வியாழக்கிழமை கடைசி பீரியட். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு வராந்தாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வரவேண்டியவர் பி.டி. சார். வந்து நிற்பவர் கணக்கு டீச்சர், கையில் சாக்பீஸ் டப்பாவோடு. "போர்ஷன் முடியலப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்கிறார். போன வாரமும் அந்த 'ஒரு நாள்' வந்தது. அதற்கு முந்தின வாரம் அறிவியல் சார் கேட்டு வாங்கிக்கொண்டார். வகுப்பு மொத்தமும் "மிஸ்ஸ்..." என்று ஒரே குரலில் இழுத்துப் பார்க்கிறது. பிறகு நோட்டைத் திறக்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் அறையில் இதற்குக் 'கடன் வாங்குவது' என்று பெயர். திருப்பிக் கொடுத்ததாகத்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை. விளையாட்டுத் துறையைக் கவனித்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் வாய் திறந்து கேட்கும் அளவுக்கு இந்தப் பழக்கம் ஊரறிந்தது.

அதே எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டில் சாயங்காலம் வேறொரு காட்சி. "படிச்சதெல்லாம் மறந்துபோகுதுங்கறான் டாக்டர், ஞாபக சக்திக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று அம்மா மருத்துவரிடம் கேட்கிறார். மருந்துக் கடையில் அதற்கென்றே ஓர் அலமாரி இருக்கிறது. பவுடர், சிரப், லேகியம், மாத்திரை எல்லாம் கிடைக்கும். அட்டையில் கண்ணாடி போட்ட ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் உள்ள தொடர்பைத்தான் பெற்றோரும் பள்ளியும் பார்க்கத் தவறுகிறார்கள். மூளைக்கு நல்லது செய்வதைப் பகலில் பள்ளிக்கூடம் பறிக்கிறது. பறிபோனதைச் சாயங்காலம் குடும்பம் பாட்டிலில் தேடுகிறது.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். உடல் எடையில் அது 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அது இழுத்துக்கொள்கிறது. இவ்வளவு தின்கிற உறுப்பு தனக்கென்று பெரிதாக எதையும் சேர்த்து வைப்பதில்லை. சர்க்கரையும் ஆக்சிஜனும் நிமிடத்துக்கு நிமிடம் ரத்தத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அன்றாடம் அரிசி வாங்கிச் சமைக்கும் வீடு மாதிரி. அந்த அரிசியைக் கொண்டுவருவது இதயமும் நுரையீரலும் ரத்தக் குழாய்களும். அவை நன்றாக ஓடுவதற்கான வேலையை 'படிப்பு கெடுகிறது' என்று நிறுத்துவதுதான் நம் ஊர் வழக்கம்.

படிப்பு உண்மையிலேயே கெடுகிறதா என்று கனடாக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். கியூபெக் மாகாணத்தில் த்ருவா ரிவியேர் என்று ஓர் ஊர். 1970-களில் அங்குள்ள தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்நூறு பேருக்கு மேல் ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் ஐந்து நாளும் ஒரு மணி நேர உடற்கல்வி, அதற்குரிய ஆசிரியரை வைத்து. மற்றவர்களுக்கு வழக்கமான அட்டவணை. விளையாடப் போன பிள்ளைகளுக்குப் பாட நேரம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது. நம் ஊர் ஹெச்.எம். யாராவது இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆண்டுகள் கழித்து மதிப்பெண்களைப் பார்த்தபோது அவர்கள் பின்தங்கவில்லை. மற்றவர்களுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோதான் இருந்தார்கள்.

இதைப் போன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த த்ருதோ, ஷெப்பர்டு என்ற இருவரும் 2008-இல் வெளியிட்ட முடிவும் அதுவே. பாட நேரத்திலிருந்து எடுத்து நாளுக்கு ஒரு மணி நேரம் வரை உடற்கல்விக்குக் கொடுத்தாலும் மதிப்பெண் குறைவதில்லை. ஆனால் விளையாட்டு நேரத்தைப் பிடுங்கிப் பாடத்துக்குக் கொடுத்தால், மதிப்பெண் ஏறுவதாகத் தெரியவில்லை. உடல் தளர்வதுதான் மிச்சம். கணக்கு டீச்சர் கடன் வாங்கிய அந்த நாற்பது நிமிடத்தால் கணக்குக்கே லாபமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஓடினால் மார்க் ஏறும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நேப்பர்வில் என்ற ஊரைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். அங்கே பள்ளி தொடங்கும் முன்பே பிள்ளைகளை ஓடவிட்டார்களாம். 1999-இல் நடந்த 'டிம்ஸ்' பன்னாட்டுத் தேர்வில் அந்த ஊர் அறிவியலில் உலகிலேயே முதலிடம், கணக்கில் ஆறாமிடம். உண்மைதான். ஆனால் நேப்பர்வில் படித்தவர்களும் வசதியானவர்களும் வாழும் புறநகர். அந்தப் பெருமை முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதே மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் 2009-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர். ஒரு நாள் இருபது நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிறகு சோதனை எழுதினார்கள், இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினார்கள். நடந்த நாளில் கவனம் சிதறாமல் விடை சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியிலும் அன்று மேலாக இருந்தார்கள். இருபது பேரை வைத்து உலகத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் கடைசி பீரியடில் கண் சொருகும் வகுப்பை எதிரே வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் இதை நம்ப மறுக்கமாட்டார்.

பி.டி. பீரியடால் இன்னொரு லாபம் உண்டு. அது யார் கண்ணிலும் படவில்லை, கண்ணைப் பற்றியதாக இருந்தும். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டுகள் முடிந்தபோது அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. கூடுதலாக வெளியே விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் வெளிவந்த இந்த முடிவு பகல் வெளிச்சத்தின் வேலை. ஓடவேண்டும் என்பதுகூட இல்லை, வெளியே இருந்தால் போதும். மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி மாட்டும் நம் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால்கூட புண்ணியம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடல் உழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டுத் தரவுகளைப் பார்த்தபோது, 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆக, இது நம் ஊரின் தனிப் பாவம் இல்லை. பாரதியின் பாப்பாப் பாட்டை சுவரில் எழுதி வைத்துவிட்டு, அந்தப் பாட்டு விளையாட்டுக்கு ஒதுக்கிய மாலையைப் பிடுங்கி டியூஷனுக்கு அனுப்புவது மட்டும் நம் தனிச்சிறப்பு.

பி.டி. பீரியடுக்கு அடுத்தபடியாகக் கடன் போவது தூக்கம்.

"காலையில நாலு மணிக்கு எழுந்து படிச்சாத்தான் மனசுல பதியும்" என்பது பல வீடுகளில் வேதவாக்கு. அதைச் சொன்ன தாத்தா காலத்தில் இரவு எட்டு மணிக்குச் சிம்னி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். நாலு மணிக்குள் எட்டு மணி நேரம் தூங்கி முடித்திருந்தார்கள். இன்றைய பத்தாம் வகுப்பு மாணவி டியூஷன் முடிந்து வந்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கும்போது பதினொன்றரை. அலாரம் மட்டும் தாத்தா காலத்து நாலு மணிக்கே அடிக்கிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-இல் சொன்னது. அவளுக்குக் கிடைப்பது நாலரை.

பதின்வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் உடல் ஒத்துழைக்காது, விடியலில் எழுப்பினாலும் உடல் விழிக்காது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு விழுவதில் பெரும்பகுதி வளர்ச்சியின் இயல்பு. இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கலிஃபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டது. 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. நம்மிடம் காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஏன் வீண் வேலை என்பதற்கு நூறாண்டுப் பழைய சான்று இருக்கிறது. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டே மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்து, சில மணி நேரம் கழித்துக் கேட்பது. இடைப்பட்ட நேரத்தில் சில நாள் மாணவர்கள் விழித்திருந்தார்கள், சில நாள் தூங்கினார்கள். தூங்கி எழுந்தபோது நினைவில் தங்கியது எப்போதும் அதிகம். பகலில் படித்ததைத் தூங்கும் மூளை சும்மா விடுவதில்லை, திரும்ப எடுத்துப் பார்த்து அடுக்குகிறது என்பது அதன் பிறகு வந்த ஆய்வுகளின் போக்கு. விடிய விடியப் படித்துவிட்டு நேரே தேர்வு அறைக்குப் போகும் மாணவர், அறுவடை செய்த நெல்லைக் களத்திலேயே போட்டுவிட்டு வருகிறார்.

கார்னெல்காரர்களுக்கு முன்பே இதைத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் ஒரு வகையில் தெரிந்து வைத்திருந்தன. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தாம் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை வந்ததும் அதை ஞாபகமாகத் திரும்பச் சொல்லவேண்டும். இரவுத் தூக்கத்துக்கு முன் ஒரு விதை, காலையில் ஒரு கேள்வி. பரிசோதனைக்கூடம் இல்லாமலேயே கண்டுபிடித்த பாடத்திட்டம். பிரம்பையும் கோதண்டம் என்ற தண்டனையையும் திண்ணைப் பள்ளியோடு புதைத்தது சரிதான். அந்தச் சாயங்காலப் பயிற்சியையும் சேர்த்துப் புதைத்திருக்க வேண்டாம்.

'எப்படிப் படித்தால் மறக்காது' என்ற கேள்விக்கும் பதில் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் முறை என்ன? பாடத்தை நாலு தடவை வாசிப்பார்கள். மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுக்கப் பூசுவார்கள். ஐந்தாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த 'தெரிந்த மாதிரி'தான் ஏமாற்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டுரைப் பகுதியைச் சிலர் இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்களே முந்தினார்கள், 75-க்கு 81 சதவீதம் என்ற கணக்கில். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அப்படியே கவிழ்ந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42, மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஒப்பித்தல். "எங்க, ஒப்பி பார்ப்போம்" என்று பாட்டி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வாரே, அதேதான். படிக்கத் தெரியாத பாட்டிகூட புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். பிள்ளை தடுமாறும் இடத்தை அவரால் குரலிலேயே கண்டுபிடிக்க முடிந்தது. பொருள் புரியாமல் ஒப்பிப்பதை மனப்பாடக் கல்வி என்று கேலி செய்து பழகிய நாம், புரிந்ததை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கும் நல்ல பழக்கத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் விட்டு நாள் திரும்பப் பார்ப்பது பலன் தரும் என்பது ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தம்மையே சோதனைப் பொருளாக்கி மறதியை அளந்த காலத்திலிருந்து தெரிந்த செய்தி. ஜான் டன்லோஸ்கி குழுவினர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை வரிசைப்படுத்தியபோது முன்னால் நின்றவை இந்த இரண்டும்தான். ஹைலைட்டர் பின்வரிசையில் கிடந்தது.

இவ்வளவு எளிய, காசு செலவில்லாத வழிகள் இருக்கும்போது கடை விரித்திருப்பவை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராக 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்புகள் நடந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் வாசித்தார்கள், வண்ணம் சொன்னார்கள். பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டினார்கள். மங்களூருவைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இவர்களுக்குச் சவால் விட்டு, மூக்கோரத்து இடைவெளியில் எட்டிப் பார்ப்பதுதான் ரகசியம் என்று காட்டினார். நடுமூளை என்பது கண் அசைவு போன்ற வேலைகளைப் பார்க்கும் பகுதி. பிறந்த நாள் முதல் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ஸ்விட்சு போட ஆள் தேவையில்லை.

மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்பதும் இந்த ரகம். மீதித் தொண்ணூறும் சும்மா இருக்குமானால், பக்கவாதத்தில் மூளையின் சிறு பகுதி பாதிக்கப்பட்டதும் கையும் பேச்சும் போவானேன்? இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்ற பிரிவினையும் அப்படியே. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அப்படி ஆட்களே இல்லை என்று 2013-இல் சொல்லிவிட்டார்கள். மொஸார்ட் இசை குழந்தையின் அறிவை வளர்க்கும் என்ற நம்பிக்கையின் மூலம், 36 கல்லூரி மாணவர்களிடம் பத்துப் பதினைந்து நிமிடமே நீடித்த ஒரு விளைவு. 1993-இல் வந்த அந்தச் சிறு கட்டுரையை நம்பி, ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998-இல் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். ஏமாறுவதில் நாம் தனியாள் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

வல்லாரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். வல்லாரைத் துவையல் நல்ல கீரை உணவு, யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அது நினைவாற்றலைக் கூட்டுகிறது என்பதற்கு மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் வலுவான சான்று கிடைக்கவில்லை. அவ்வளவுதான். துவையலாகச் சாப்பிடலாம். மாத்திரையாக்கி மார்க்குக்காக விழுங்குவதுதான் வீண்.

சாப்பாட்டில் உண்மையாகவே மூளைக்கு வேண்டியவை பெரும்பாலும் விளம்பரத்தில் வருவதில்லை. முதலாவது, காலைச் சோறு. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எந்த ஞாபக சக்தி டானிக்கும் நெருங்க முடியாது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குப் பிரேயரில் மயக்கம்தான் வரும், பாடம் ஏறாது என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார். அடுத்தது இரும்புச்சத்து. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்வு, கவனமின்மை, படிப்பில் நாட்டமின்மை என்று ரிப்போர்ட் கார்டில் எழுதப்படுவதில் எத்தனை ரத்தத்தில் இருக்கிற குறை என்று பார்க்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

மூன்றாவது உப்பு. கருவில் மூளை வளர அயோடின் தேவை. அந்தக் காலத்தில் குறைந்தால் பிறகு ஈடுகட்ட முடியாது. 2018-19 அயோடின் ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களிலேயே கடைசி இடம். தூத்துக்குடியில் உப்பு விளைவித்து நாட்டுக்கே அனுப்பும் மாநிலத்தின் நிலை இது. கல் உப்புதான் இயற்கை என்று சொல்லி அயோடின் இல்லாத உப்பைத் தேடி வாங்கும் புதுப் பழக்கம் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆபத்தானது.

வீட்டில் மறதியைப் பற்றிக் கவலைப்படும் இன்னொரு ஆள் தாத்தாவோ பாட்டியோ. அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் இந்தியர்களுக்கு, மறதிநோய் இருப்பதாக அண்மைக்கால ஆய்வு மதிப்பிட்டது. 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயின் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகை, தனிமை, உடலுழைப்பின்மை, இளமையில் படிப்பின்மை எல்லாம் அதில் உண்டு. ஆக, எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வதும் அவன் தாத்தாவுக்குச் சொல்வதும் ஏறக்குறைய ஒரே மருந்துச் சீட்டு. அமெரிக்காவில் 120 முதியவர்களில் ஒரு பகுதியினரை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடக்கவைத்தபோது, நினைவுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி 2 சதவீதம் பெரிதானது என்று கிர்க் எரிக்சன் குழு 2011-இல் காட்டியது. நடக்காமல் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்த சுவர்ணா அல்லாடி 2013-இல் இன்னொன்றைச் சொன்னார். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. ஓசூரிலும் கம்பத்திலும் சந்தையில் இரண்டு மூன்று மொழிகளில் பேரம் பேசும் பாட்டிகளுக்கு இது நல்ல செய்தி. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வாசலுக்கு வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுப்பதும், சொல்லப்போனால், மூளைக்கான சிகிச்சைதான். அவர் வரும்போது "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று பெரியவர்கள் திருப்பி அனுப்பாமல் இருக்கவேண்டும்.

பி.டி. பீரியடுக்குத் திரும்புவோம். கடன் வாங்கும் டீச்சரை வில்லியாக்குவது எளிது. அவருடைய தேர்ச்சி சதவீதத்தைத்தான் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வாசிக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் ஓடினார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. பல பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பி.டி. சார். அவரும் விழா அணிவகுப்பு, சீருடைச் சோதனை, கூட்டத்தை அமைதிப்படுத்தும் விசில் என்று மற்ற வேலைகளில் கரைந்துபோகிறார். அடுக்குமாடிக் கட்டிடத்தில் நடக்கும் தனியார் பள்ளிகளில் மைதானம் என்பது பஸ் நிறுத்தும் சிமென்ட் தரை. பத்தாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் ஓடினால் முகம் சுளிக்கும் ஊர்கள் இன்னும் உண்டு.

சட்டம் இந்தப் பிரச்சினையில் தெளிவாகவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி என்றால் அதற்கு விளையாட்டுத் திடல் இருக்கவேண்டும், வகுப்புகளுக்கு விளையாட்டுக் கருவிகள் தரப்படவேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. குடிநீரும் கழிப்பறையும் இருக்கும் அதே பட்டியலில்தான் திடலும் இருக்கிறது. கழிப்பறையைப் பூட்டிவைத்து அதில் ஸ்பெஷல் கிளாஸ் நடத்த யாரும் துணியமாட்டார்கள். திடலுக்கும் அதே மரியாதையைத்தான் சட்டம் கேட்கிறது.

பெற்றோர் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். தனியார் பள்ளிகளில் பேரண்ட்ஸ் மீட்டிங் இருக்கிறது. வழக்கமாக அங்கே எழும் கேள்வி, "எங்க பொண்ணு ஏன் மேத்ஸ்ல ரெண்டு மார்க் கம்மி?" அடுத்த கூட்டத்தில் அதைச் சற்றுத் தள்ளிவைத்து, வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள். போன மாதம் டைம்டேபிளில் எத்தனை பி.டி. பீரியட் இருந்தது, அதில் எத்தனை நடந்தது? பதிலை வாங்கி நோட்டில் எழுதி வையுங்கள். மறு மாதமும் போய்க் கேளுங்கள்.